பெயில் பாண்ட் வகுப்பில் வேறொருவர் போட்ட கையெழுத்து

கேள்வி: ஹூஸ்டனில் 11 வருடமாகப் பெயில் பாண்ட் ஏஜென்சி நடத்துகிறேன், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு கைதானவர்களுக்குப் பிணை கொடுக்கும் தொழில். லைசென்ஸ் புதுப்பிப்பதற்காக 8 மணி நேர நேரடி வகுப்பில் சேர்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமனாருக்கு நெஞ்சுவலி என்று போன் வந்ததால் கிளம்பிவிட்டேன். கூட வந்திருந்த என் ஆபீஸ் பையன், நான் சொல்லித்தான், மதிய வருகைத் தாளில் என் பெயருக்கும் கையெழுத்துப் போட்டான். சான்றிதழ் முழு 8 மணி நேரத்துக்கு வந்தது. அதை வைத்தே விண்ணப்பித்தேன். இப்போது ஒரு போட்டிக்காரர் புகார் கொடுத்து, லைசென்ஸ் கொடுக்கும் கவுண்டி பெயில் பாண்ட் வாரியம் விசாரணைக்கு அழைத்திருக்கிறது. 2019-க்கு அப்புறம் சின்ன வழக்குகள் வருவதே இல்லை, தொழில் பாதியாகிவிட்டது. நான் யாரையும் ஏமாற்றியதில்லை. வக்கீல் தெரியாமல் தவிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நல்ல வக்கீலையும் நானே சொல்லி அனுப்புகிறேன். விசாரணையில் நேரில் போய் விளக்கினால் போதாதா? பையன் கிரீன் கார்டில் இருக்கிறான், எனக்காகப் பேசத் தயாராக இருக்கிறான்.

பதில்: உங்கள் மாமனார் தேறியிருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அவருடைய நெஞ்சுவலியால் இந்த வழக்கில் எதுவும் மாறாது. போட்டிக்காரரின் பொறாமையும் அப்படித்தான். புகாரில் இருப்பது உண்மையா என்றுதான் வாரியம் பார்க்கும், கொடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்று பார்க்காது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் பிணை முறையை எதிர்த்த வழக்கில் 2019-ல் வந்த உடன்பாட்டுக்குப் பிறகு சிறு குற்றங்களில் கைதான பெரும்பாலானவர்கள் பணம் கட்டாமலே வெளியே வரத் தொடங்கினார்கள். தொழில் படுத்தது உண்மைதான், ஆனால் அதை விசாரணையில் பேசாதீர்கள்.

வகுப்பில் சில மணி நேரம் குறைந்தது சின்ன விஷயம். திரும்ப உட்கார்ந்து முடித்துவிடலாம். வாரியத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பம் சத்தியம் செய்து கொடுப்பது. பொய் என்று தெரிந்த ஒரு சான்றிதழை அந்தச் சத்தியத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். டெக்சாஸ் தொழில் சட்டத் தொகுப்பின் 1704-ஆம் அத்தியாயத்தில், விண்ணப்பத்திலோ வாரிய விசாரணையிலோ பொய் சொல்வது லைசென்ஸை நிறுத்திவைக்க அல்லது ரத்து செய்யத் தனிக் காரணம். உங்கள் வழக்கு இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

நேரில் போய் விளக்கினால் போதாதா என்று கேட்கிறீர்கள். நான் பயப்படுவது அதற்குத்தான். விசாரணையில் நீங்கள் பேசுவதும் சத்தியத்தின் பேரில்தான். கிட்டத்தட்ட உங்களைப் போலவே சிக்கிக்கொண்டு ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். கேள்வி வந்ததும் பதற்றத்தில், "மதியமும் இருந்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு ஒரே ஒரு தாளை நீட்டியது. அதே நாள் மதியம் 3 மணிக்கு மேல் ஜெயிலில் அவரே கையெழுத்திட்டுப் பதிவான பிணைப்பத்திரம். அவருடைய சொந்தத் தொழில் பதிவேடே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த நிமிடம் வரை கொஞ்ச காலத்துக்கு லைசென்ஸை நிறுத்திவைப்பதோடு முடியும் என்றிருந்த விஷயம், அப்புறம் குற்ற வழக்குத் தொடரும் அரசு வழக்கறிஞரின் மேசைக்குப் போனது.

அன்று மதியம் உங்கள் பெயரில் ஏதாவது பிணைப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா? ஆஸ்பத்திரியிலிருந்து யாருக்காவது போன் செய்து கட்டணம் பேசினீர்களா? வேறு எதற்கும் முன்னால் இதைப் பாருங்கள். பார்க்கத்தான் சொல்கிறேன். எதையும் அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். செய்தால் அது தனிக் குற்றம்.

இது ஏன் இவ்வளவு பெரிது என்றால், டெக்சாஸில் சாதாரணப் பொய்ச்சாட்சியமே ஏ பிரிவுக் குற்றம், அதாவது சிறு குற்றங்களில் மிகக் கடுமையான வகை. அதிகாரபூர்வ விசாரணையில் வழக்கின் முக்கியமான விஷயத்தைப் பற்றிப் பொய் சொன்னால் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய பெருங்குற்றமாகிவிடும். பெருங்குற்றத்திலோ, ஒழுக்கக்கேடு சார்ந்த சிறு குற்றத்திலோ இறுதித் தண்டனை பெற்றவருக்கு இந்த லைசென்ஸ் வாங்கும் தகுதியே கிடையாது. நிறுத்திவைத்தால் சில மாதம் போகும். தண்டனை வந்தால் 11 வருடம் கட்டிய தொழிலே போய்விடும்.

சொன்ன பொய்யைத் திருத்திக்கொள்ள அந்தப் பெருங்குற்றப் பிரிவில் ஒரு வழி உண்டு. சாட்சியம் முடிவதற்குள், பொய் வெளிப்பட்டுவிடும் என்பது தெளிவாவதற்கும் முன்னால் திருத்தினால் அதை எதிர்வாதமாக வைக்கலாம். புகார் வந்துவிட்ட பிறகு உங்கள் விண்ணப்பத்துக்கு அதை நம்பிப் பயனில்லை. ஆனால் புதிதாக ஒரு பொய் சொல்லாமல் இருப்பது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது அந்தப் பையன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அவன்தான். "எனக்காகப் பேசத் தயாராக இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிரீன் கார்டு வாங்கிக் குடியேறி 5 ஆண்டு முடியாதவன் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம் செய்து, அதற்கு ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்க இடமிருந்தால், தண்டனை பெற்றதும் நாடு கடத்தவே வழியிருக்கிறது. டெக்சாஸில் ஏ பிரிவுக் குற்றத்துக்கு அதிகபட்சம் சரியாக ஓராண்டுதான். உங்கள் மேல் உள்ள விசுவாசத்தில் அவன் சத்தியம் செய்து ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால், நீங்கள் இழப்பதைவிட அதிகமாக அவன் இழப்பான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தைப் பற்றி அவனிடம் பேசவே பேசாதீர்கள். அவனுக்குத் தனி வக்கீல் வேண்டும். உங்கள் நலனும் அவன் நலனும் இங்கே ஒன்றல்ல, அதனால் இரண்டு பேருக்கும் நான் ஆஜராக முடியாது.

நல்ல வக்கீலைச் சொல்லி அனுப்புகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தை இனி எங்கேயும் எழுதாதீர்கள், சொல்லாதீர்கள். நீங்கள் யாருக்குப் பிணை கொடுத்தீர்களோ அவருக்கு ஒரு குறிப்பிட்ட வக்கீலைப் பரிந்துரைப்பதை 1704-ஆம் அத்தியாயம் நேரடியாகத் தடுக்கிறது. லைசென்ஸ் போக அதுவும் ஒரு தனிக் காரணம், குற்றமும்கூட. வக்கீலிடம் காசு வாங்கவில்லை என்றாலும் மீறல் மீறல்தான். "கைதானவரிடம் சொல்லவில்லை, மனைவியிடம்தான் சொன்னேன்" என்ற வாதத்தை நம்பி இறங்காதீர்கள். பத்திரத்தில் இணைக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அந்த மனைவிதான். ஊர் தெரியாத, மொழி புரியாத குடும்பத்துக்கு உதவ நினைக்கும் உங்கள் மனது எனக்குப் புரிகிறது. வழக்கறிஞர் கழகங்களின் பரிந்துரைச் சேவைகள் இருக்கின்றன, அவற்றைக் கைகாட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விசாரணை நீண்டால் வாரியம் உங்கள் கோப்புகளைத் திறக்கும். அப்போது வருகைத் தாள் பின்னால் போய் இதுதான் முன்னால் நிற்கும்.

அதனால் சமரசமாகப் போங்கள். விசாரணைத் தேதிக்கு முன்பே வக்கீல் மூலம் வாரியத்தின் வழக்கறிஞரிடம் பேசி, விண்ணப்பத்தைத் திருத்தி, குறுகிய காலம் லைசென்ஸை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புதலை எந்த வார்த்தைகளில் எழுதுவது என்பதில் ரொம்பக் கவனம் வேண்டும். வாரியத்தோடு போடும் உடன்பாடு அரசு வழக்கறிஞரைக் கட்டுப்படுத்தாது. அதனால் குற்றவியல் வழக்கு நடத்துகிறவர் ஒருவர் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். வாரியத்தின் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது தைரியம் சொல்வார்கள். போகலாம்தான். ஆனால் விசாரணையில் நீங்கள் சத்தியம் செய்து சொன்னது அங்கேயும் கூடவே வரும்.

லைசென்ஸ் நின்றிருக்கும் காலத்தில் புதுப் பத்திரம் எழுத முடியாது. ஏற்கெனவே எழுதியவற்றுக்கான பொறுப்பு உங்களிடமேதான் இருக்கும். கட்சிக்காரர் ஒருவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். எனவே அடுத்த சில மாதங்களுக்கு யார் யாருக்கு எப்போது வாய்தா என்ற பட்டியலை இந்த வாரமே எடுத்து வையுங்கள். அடுத்து நடக்கும் 8 மணி நேர வகுப்பில் சேர்ந்து, கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து, நீங்களே கையெழுத்திட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். அது கையில் இருந்தால் உங்கள் வக்கீலுக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும்.