தோட்டப் பள்ளியின் நிர்வாக வாரியத்துக்கு விதிமுறைகள் எழுத எங்கிருந்து தொடங்குவது? வேறொரு பள்ளியின் விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம், பட்டோம். எங்களுடையது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய தமிழ்ப்பள்ளி. பட்டணத்துப் பள்ளி ஒன்றிலிருந்து 18 பக்கம் நகல் எடுத்து வந்தோம். அதில் லிஃப்ட் பராமரிப்புக்கு ஒரு விதி இருந்தது. எங்கள் பள்ளியில் இருப்பதே மூன்று படிக்கட்டுதான்.

பிறகுதான் பழைய கூட்டக் குறிப்பேட்டை எடுத்தேன். செயலாளர் என்பதால் அது என் வீட்டு அலமாரியில்தான் கிடந்தது. ஐந்து வருடக் குறிப்புகளில் இரண்டு தடவைக்கு மேல் பேசப்பட்ட விஷயங்களைச் சிவப்பு மையால் கோடிட்டேன். மண்டப வாடகை ஒன்பது இடங்களில் வந்தது. மண்டபச் சாவி பொருளாளரின் மளிகைக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அவருடைய 555 என்ற சின்னக் குறிப்பு நோட்டில் இருக்கும். வேண்டியவருக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), மற்றவருக்கு 150. அவர் திருடவில்லை, கேட்பாரில்லை, அவ்வளவுதான். எங்கள் முதல் விதி அங்கேதான் பிறந்தது: ஒரே வாடகை, ரசீது, சாவி பள்ளி அலுவலகத்தில்.

ஒருவர் வைத்ததே விதி என்ற இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி தோட்டத்துடையது, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார துரை சொன்னதே விதி. துரைகள் போய்விட்டார்கள். அந்த நாற்காலியில் வாரியத் தலைவர்களை நாமே உட்கார வைத்துவிட்டோம்.

அடுத்து, எல்லையைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி வாரியம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஒரு சாசனம் உண்டு. உங்கள் விதி எதுவும் அதற்கு முரணாக இருக்கக் கூடாது. ஆசிரியர் மாற்றம், பாடத்திட்டம் ஆகியவை அமைச்சின் வேலை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணத்தையும் வாரியப் பணத்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், சின்ன ஊரில் இதை எழுதித்தான் ஆகவேண்டும். உறுப்பினரின் உறவினர் குத்தகை கேட்டால், முடிவெடுக்கும்போது அந்த உறுப்பினர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

எழுதியதை ஒரே கூட்டத்தில் நிறைவேற்றாதீர்கள். முதல் கூட்டத்தில் வாசிப்பு மட்டும், அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. நகலைத் தமிழில் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். எங்கள் முதல் வாசிப்பில், பால்மரம் சீவி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, இது யாரை மனத்தில் வைத்து எழுதியது?" என்று கேட்டார். பொருளாளர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் பொருளாளரையே உட்காரவைத்து வாடகை விதியைத் திருத்தி எழுதச் சொன்னேன். இறப்பு வீட்டுக்காரருக்கு மண்டபம் இலவசம் என்ற வரியைச் சேர்த்தவர் அவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டாம் கூட்டத்தில் அதை முன்மொழிந்தவரும் அவரே.

மொத்தம் நான்கு பக்கம் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கறிக்கை வாசிக்கும் கூட்டத்திலேயே அதையும் எடுத்துப் பார்க்கிறோம்.