1890 பக்கத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: என் கணவரின் எள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்து அயோவா மாநிலத்தில் விவசாயம் செய்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தார். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் இருக்கிறது. 1900-ல் மனைவியை விதவை என்று எழுதியிருக்கிறார்கள். 1890 கணக்கெடுப்பில் அவருடைய பக்கத்தை எடுத்துத் தருவதாக ஒருவர் 200 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? வீட்டில் பிறப்பு, திருமணம், இறப்புத் தேதிகளை எழுதிவைத்த பழைய குடும்ப பைபிள் ஒன்றும் இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்பது இல்லாத பொருள். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. அங்கே இருந்த 1890 ஏடுகளில் கொஞ்சம் எரிந்தது, நிறைய தண்ணீரில் நனைந்தது. ஆனால் கதையை முடித்தது தீ இல்லை. மிஞ்சியதைக் காப்பாற்றாமல் பல வருஷம் போட்டு வைத்து, 1933-ல் அழித்துவிடலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற மாட்டேன் என்கிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லி உங்களை மடக்கப் பார்ப்பார்கள். அதே 1890-ல் வடக்குப் படையின் முன்னாள் வீரர்களையும் அவர்களின் விதவைகளையும் தனியாகக் கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மாநிலங்களை ஆங்கில அகரவரிசையில் வைத்தால் கென்டக்கியின் ஒரு பாதி முதல் கடைசி வரைக்கும் உண்டு. அதற்கு முன்னால் வரும் மாநிலங்கள் ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டன. அயோவாவும் அப்படிப் போனவற்றில் ஒன்று. அவர் நெப்ராஸ்காவுக்கோ மினசோட்டாவுக்கோ குடிபெயர்ந்திருந்தால் அதில் தேடலாம். அதற்கும் காசு வேண்டாம், ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

சரி, எங்கே தேடுவது? அயோவா 1885-லும் 1895-லும் தானே கணக்கெடுத்தது. 1885-ல் அவர் இருந்து, 1895-ல் மனைவி மட்டும் இருந்தால், இறந்த காலம் அந்தப் பத்து வருஷத்துக்குள் வந்துவிடும். கவுண்டி (அங்கே மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் 1880 முதல் இறப்புப் பதிவு உண்டு. விட்டுப்போன சாவுகள் ஏராளம். அங்கே இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையான புதையல் விதவை ஓய்வூதியக் கோப்புதான். 1890-ல் வந்த சட்டப்படி, கணவர் போர்க்காயத்தால் சாகாவிட்டாலும், வசதியில்லாத விதவை ஓய்வூதியம் கேட்கலாம். கேட்டவர் திருமணத்துக்கும் கணவர் இறந்ததற்கும் சான்று காட்ட வேண்டும். சிலர் பைபிள் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். முதலில் ஃபேமிலிசர்ச்சில் ஓய்வூதியக் கோப்புகளுக்கான அட்டவணை அட்டையைத் தேடி, அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் பெரும்பாலான கோப்புகளை இணையத்தில் ஏற்றாமல் வைத்திருப்பதால்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். கட்டணமும் காத்திருப்பும் உண்டு. ஆனால் அந்தப் பணம் வீண் போகாது.

பைபிளில் முதலில் முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். 1875-ல் அச்சான பைபிளில் 1840-ல் பிறந்தவரின் தேதி இருந்தால், யாரோ நினைவிலிருந்தோ பழைய குறிப்பிலிருந்தோ பிற்பாடு எழுதியது. எல்லாத் தேதிகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தாலும் அப்படித்தான் சந்தேகப்பட வேண்டும். வெவ்வேறு மை, வெவ்வேறு கை என்றால் நம்பிக்கை கூடும். படம் எடுக்கும்போது முகப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். அப்புறம், இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தில் இருக்கும் அப்பா பெயரை இந்த பைபிளில் எழுதிச் சேர்த்துவிடாதீர்கள்.