பேஸ் வாசித்தவர் ஏன் போனார்?

அன்புள்ள ஐயா,

பிரேசிலின் சிஎஸ்எஸ் இசைக்குழுவைச் சமீபத்தில்தான் கேட்க ஆரம்பித்தேன். அதில் பேஸ் கிடார் வாசித்த இராசேமா டிரெவிசான், குழு உலகம் முழுக்கப் பேசப்பட்ட 2008-இல் ஃபேஷன் துறைக்குப் போய்விட்டார் என்று படித்ததும் ஆத்திரம் வந்தது. பின்னால் அதே குழுவின் அட்ரியானோ சின்ட்ரா மனக்கசப்பில் விலகியதைக்கூடப் புரிந்துகொள்ள முடிகிறது. இராசேமா போனது கலைக்குச் செய்த துரோகம் இல்லையா? அவருக்குச் சரியாக வாசிக்கவே வராது என்றும் சொல்கிறார்கள். நானும் கல்லூரிக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். வேலை கிடைத்திருக்கிறது. எதை விடுவது?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

ஒரு கலையைத் தொட்டவர் சாகும்வரை அதிலேயே கிடக்க வேண்டும் என்று நமக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கொஞ்ச நாளாக அதை நினைத்துத்தான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக வந்து மாட்டியது.

அந்தக் குழு எப்படி ஆரம்பித்தது என்று பார்த்தீர்களா? 2003-இல் சாவோ பாவ்லோவில் நண்பர்கள் விளையாட்டாகக் கூடினார்கள். இசையில் அனுபவம் இருந்தவர் என்றால் சின்ட்ராதான். மற்றவர்கள் வாசித்து வாசித்தே கற்றுக்கொண்டவர்கள். 2005-இல் டிராமா என்ற பிரேசில் இசை நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. மறுவருடம் அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் சப் பாப் இசை நிறுவனம் அதை வெளியே கொண்டுபோனது; நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்ட அதே சப் பாப். 2007-இல் 'மியூசிக் இஸ் மை ஹாட் ஹாட் செக்ஸ்' பாட்டை வைத்து இங்கிலாந்து மாணவன் ஒருவன் ஆப்பிளின் 'ஐபாட் டச்' கருவிக்குத் தானாகவே ஒரு விளம்பரம் செய்து யூடியூபில் போட்டான். ஆப்பிள் அவனையே கூப்பிட்டு அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தது. பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பாடல் தரவரிசையில் 63-ஆம் இடம் வரை ஏறியது. வாசித்தவர்கள் கற்றுக்குட்டிகள், விளம்பரம் எடுத்தவனும் கற்றுக்குட்டி. முப்பது வருட சாதகம் முடியட்டும் என்று காத்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

'வாசிக்க வராது' என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. விடுங்கள்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். சின்ட்ராவைப் புரிகிறது, இராசேமாவைப் புரியவில்லை என்கிறீர்கள். பாட்டுகளில் பெரும்பங்கு சின்ட்ராவுடையது. அவர் 2011-இல் சண்டையோடு போனார். ஆண் கோபித்துக்கொண்டு போனால் கலைஞனின் ரோஷம். பெண் இன்னொரு வேலை பிடித்துப் போனால் துரோகம். அதிலும் ஃபேஷன் என்றதும் உங்களுக்கு முகம் சுளிக்கிறது. துணியை வெட்டி ஓர் உடம்புக்கு உருவம் கொடுப்பது கலை இல்லையா? பாடகி லவ்ஃபாக்ஸ் உடலோடு ஒட்டிய வண்ண உடைகளில் மேடையில் குதிக்காவிட்டால் அந்தக் குழு பாதிதான். பாட்டோடு உடையையும் சேர்த்து ரசித்துவிட்டு, உடை செய்யப் போனவரை மட்டும் திட்டுவது என்ன நியாயம், தம்பி?

இராசேமா போனதால் எதுவும் நின்றுவிடவில்லை. டிரம்ஸ் வாசித்த சின்ட்ரா பேஸை எடுத்துக்கொண்டார், டிரம்ஸுக்கு வேறு ஆள் வந்தார். அதே ஆண்டு 'டாங்கி' ஆல்பம் வெளியானது. சின்ட்ராவும் போனபிறகு, மிச்சமிருந்த பெண்கள் 2013-இல் 'பிளான்டா' ஆல்பத்தைப் போட்டார்கள். நீங்கள் விட்டுப்போனாலும் உங்கள் கல்லூரிக் குழு பிழைத்துக்கொள்ளும். கேட்கக் கொஞ்சம் வலிக்கும், தெரியும்.

சரி, உங்கள் கேள்வி. வேலையில் சேருங்கள். பேஸை விற்காதீர்கள். அப்புறம், முதல் ஆல்பத்தில் 'லெட்ஸ் மேக் லவ் அண்ட் லிசன் டு டெத் ஃப்ரம் அபவ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. தலைப்பில் வரும் 'டெத் ஃப்ரம் அபவ்' கனடாவின் டொரொன்டோவைச் சேர்ந்த இருவர் குழு. வழக்கமான கிடாரே கிடையாது, ஒரு பேஸும் டிரம்ஸும்தான். பாட்டைப் போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள், அதில் பேஸ் கேட்காது. நல்ல ஹெட்போன் இரவல் வாங்குங்கள்.