தள்ளுபடியான வழக்கும் முப்பது நாள் கெடுவும்

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். 2017-ல் உறவினருக்குப் புரோநோட்டின் பேரில் ஆறு லட்சம் ரூபாய் கடன் கொடுத்தேன். அவர் திருப்பித் தராததால் 2019-ல் சென்னை மாநகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தேன். நான் ஆஜராகவில்லை என்று 2021 அக்டோபரிலேயே அது தள்ளுபடியான செய்தி சென்ற மாதம்தான் தெரிந்தது. வழக்கை மீட்க மனுச் செய்வதற்கான முப்பது நாள் கடந்துவிட்டதால் இனிப் புது வழக்குதான் போட வேண்டும் என்று சிலர் அச்சுறுத்துகிறார்கள். அப்படித்தானா?

பதில்: புது வழக்குப் போட வேண்டாம். பிரதிவாதி தரப்பு ஆஜராகி, வாதி மட்டும் வராத நாளில் தள்ளுபடியாகியிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 9 அதே வழக்குமூலத்தின் (வழக்குக்கு அடிப்படையான காரணத்தின்) பேரில் மறுபடி வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. இருவருமே வராத நாளாக இருந்தால் விதி 4 புது வழக்கை அனுமதிக்கும். ஆனால் புரோநோட்டுக்குரிய மூன்றாண்டுக் காலவரையறை முடிந்துவிட்ட உங்களுக்கு அதனால் பயனில்லை. பழைய வழக்கையே மீண்டும் கோப்பில் எடுக்கக் கோருங்கள்.

அதற்கான கெடு 1908-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்திலும் முப்பது நாள்தான், இன்றைய 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்திலும் முப்பது நாள்தான். மாறியது தாமத மன்னிப்பு, அதாவது தக்க காரணம் காட்டினால் கெடு கடந்த மனுவையும் ஏற்க இடம் தரும் 5-வது பிரிவு. தனியாக ஏதேனும் சட்டமோ விதியோ இடம் கொடுத்தாலன்றிப் பழைய சட்டத்தின் அந்தப் பிரிவு இத்தகைய மனுக்களுக்குப் பொருந்தாது. 1964 ஜனவரி 1 முதல், நிறைவேற்று நடவடிக்கைக்கான கட்டளை 21 மனுக்கள் நீங்கலாக, எல்லா மனுக்களுக்கும் புதிய சட்டத்தின் 5-வது பிரிவு பொருந்துகிறது. உங்களை அச்சுறுத்தியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் கெடு கொரோனாக் காலத்தில் முடிந்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை முடிந்த கெடுக்களுக்கு, 2022 மார்ச் 1 முதல் 90 நாள் அவகாசம் தந்தது உச்ச நீதிமன்றம். எனவே உங்கள் தாமதம் அந்த 90 நாளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மனுவில் இதைத் தேதியிட்டுக் காட்டுங்கள்.

மிச்சத் தாமதமும் சிறியதன்று. ஆயினும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1998-ல், 883 நாள் தாமதத்தை மன்னித்த உச்ச நீதிமன்றம், நாள்களின் எண்ணிக்கையைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. வக்கீல் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதாது. அவரிடம் எப்போதெல்லாம் விசாரித்தீர்கள், தள்ளுபடி எவ்வாறு தெரிந்தது என்பதைக் குறுஞ்செய்தி, கட்டண ரசீது ஆகியவற்றோடு பிரமாணப் பத்திரத்தில் சொல்லுங்கள். தெரிந்த பிறகு கழிந்த ஒரு மாதத்துக்கும் காரணம் கேட்பார்கள்.

தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். தாமத மன்னிப்பு மனுவையும் மறுகோப்பு மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். செலவுத்தொகை கட்டும் நிபந்தனையோடு மனு அனுமதிக்கப்பட்டால், குறித்த தேதிக்குள் கட்டிவிடுங்கள்.