தம்பி ரெஸ்லர் ஆக வேண்டுமாம். இரண்டரை லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் அம்மாவோடு இருக்கிறான். ஐந்தடி பத்து அங்குலம், 82 கிலோ. பிளஸ் டூ முடித்ததிலிருந்து ஜிம்மே கதி. டிவியில் வரும் அமெரிக்க ரெஸ்லிங் நிகழ்ச்சியான டபிள்யூடபிள்யூஇ-இல் ரெஸ்லர் ஆவதுதான் லட்சியம் என்கிறான். சாயங்காலம் சில்வர் பீச் மணலில் நண்பர்களோடு ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுப் பழகுகிறார்கள். அதில் போன மாதம் கழுத்து பிடித்துக்கொண்டது, இன்னும் சரியாகவில்லை. இப்போது ஒருவர் வடக்கே பயிற்சி கொடுத்து, அமெரிக்காவில் செலக்‌ஷன் வாங்கித் தருவதாகச் சொல்லி இரண்டரை லட்சம் கேட்கிறார். நான் புதுச்சேரி சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கிறேன். சீட்டு எடுத்தால் கொடுத்துவிடலாம். கொடுக்கலாமா? இதெல்லாம் நிஜமாகவே ஒரு வேலையா?

பதில்: கொடுக்காதீர்கள். சீட்டையும் இதற்காக எடுக்காதீர்கள். டபிள்யூடபிள்யூஇ பணம் வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கும் நிறுவனம் இல்லை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 2013-இல் திறந்த பெர்ஃபார்மன்ஸ் சென்டர்தான் அவர்களுடைய பயிற்சிக்கூடம். தேர்வாகிறவரோடு ஒப்பந்தம் போட்டு, சம்பளம் கொடுத்துத்தான் அங்கே பழக்குகிறார்கள். 2019 மார்ச்சில் மும்பையில் இந்தியர்களுக்கான தேர்வு முகாமை அந்த நிறுவனமே நேரடியாக நடத்தியது. நடுவில் ஒருவர் நின்று செலக்‌ஷன் வாங்கித் தர அங்கே வழியில்லை. அந்த நபர் மறுபடி வந்தால், அவர் அனுப்பி இன்று ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரே ஒருவரோடு வீடியோ காலில் பேச வைக்கச் சொல்லுங்கள்.

அதற்காகத் தம்பியின் ஆசையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். இது நிஜமான தொழில்தான், நம் நாட்டிலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். ரிங்கு சிங் (கிரிக்கெட் வீரர் இல்லை, இவர் வேறு) உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். 2008-இல் ஒரு டிவி போட்டியில் வேகமாகப் பந்து எறிந்து ஜெயித்து, அமெரிக்கப் பேஸ்பால் அணி ஒன்றில் ஒப்பந்தமாகி, அதன் பிறகு 2018-இல்தான் டபிள்யூடபிள்யூஇ-க்கு வந்தார். அவரோடு ஜோடியாக இறங்கிய சௌரவ் குர்ஜார், விஜய் டிவியில் தமிழில் ஓடிய மகாபாரதத்தில் பீமனாக நடித்தவர். அதற்கு முன் கிக்பாக்ஸர். ஹரியானாவின் கவிதா தேவி 2016 தெற்காசியப் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கிவிட்டு ரெஸ்லிங் ரிங்குக்குள் வந்தார். அமெரிக்க ரெஸ்லர்களும் அப்படித்தான்: ரோமன் ரெயின்ஸ் கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். கர்ட் ஆங்கிள் 1996 ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்றவர். ரிங்குக்கு வரும்போதே இவர்கள் எல்லோரிடமும் வேறு ஏதோ ஒரு விளையாட்டோ கலையோ முழுதாகக் கைவந்திருந்தது. உங்கள் தம்பிக்கு இப்போது இல்லாதது அதுதான். ஜிம் உடம்பு மட்டும் போதாது.

அடுத்தது, பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விஷயம். இந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவு செய்யப்பட்டது. இதைக் கேட்டுத் தம்பி கோபப்படலாம். ஆனால் 1989-இல் நியூஜெர்சி மாநில செனட்டில் அந்த நிறுவனமே 'இது பொழுதுபோக்கு நிகழ்ச்சி, போட்டி விளையாட்டு இல்லை' என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக. உழைப்பும் வலியும் அத்தனையும் உண்மை, முடிவு மட்டும் எழுதி வைத்தது. இதனால் உங்கள் வீட்டுக்கு என்ன வந்தது என்றால், ரெஸ்லிங் பள்ளி தரும் எந்தச் சான்றிதழும் அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் செல்லாது. தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 3 சதவீதம். அது மல்யுத்தம், பளுதூக்குதல், ஜூடோ, கபடி போன்ற அங்கீகரித்த விளையாட்டுகளில் சாதித்தவர்களுக்கானது. ரயில்வேயும் காவல்துறையும் எடுப்பது அந்தப் பிள்ளைகளைத்தான்.

ஆகவே என் யோசனை: இரண்டு வருடம் தம்பி இந்த நான்கில் ஒன்றில் முறையாக இறங்கட்டும். கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் எந்த விளையாட்டுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், எந்த நேரம் என்று கேளுங்கள். புதுச்சேரியில் உங்களோடு வந்து தங்க முடியுமென்றால் உப்பளம் மைதானத்தில் விசாரியுங்கள். மல்யுத்தமோ ஜூடோவோ கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால் கபடி. நம் மாவட்டத்தில் கபடிக் குழு இல்லாத ஊரைத் தேட வேண்டியிருக்கும். பிடித்து இழுத்து விழவைப்பது, விழுந்த வேகத்தில் எழுவது, கூட்டத்தின் கத்தலுக்கு நடுவே நிதானம் இழக்காமல் இருப்பது எல்லாம் அதில் இருக்கிறது. கூடவே டிகிரியில் சேர்த்துவிடுங்கள். உடற்கல்வியில் ஆர்வமிருந்தால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.

'அதற்குள் வயசாகிவிடும்' என்பான். ஆகாது. பாட்டிஸ்டா டபிள்யூடபிள்யூஇ திரையில் வந்தபோது வயது 33. டைமண்ட் டல்லாஸ் பேஜ் ரிங்கில் இறங்கியதே 35-இல்.

மணல் விளையாட்டை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற எதையும்விட எனக்கு இதில்தான் பயம். ரெஸ்லிங் ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகை மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். விழும்போது அந்தப் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஈர மணல் வளையாது. பார்க்க மெத்தை மாதிரி இருந்தாலும் தலை மோதினால் தரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ரெஸ்லிங் பள்ளியில் முதல் சில மாதம் தூக்கிப் போடவே விட மாட்டார்கள், விழத்தான் சொல்லித்தருவார்கள். 'பம்ப்' என்பார்கள். தாடையை மார்போடு ஒட்ட வைத்து, மூச்சை வெளியே விட்டு, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரண்டு கைகளாலும் தரையை அறைந்துகொண்டு விழ வேண்டும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும். தாடை தூக்கினால் பின்மண்டை அடிபடும். தூக்கிப் போடுகிறவனுடைய முதல் வேலை எதிராளியைப் பத்திரமாக இறக்குவது. இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் யூடியூப் பார்த்துப் பழகுகிற நண்பர்கள் கையில் தம்பியின் கழுத்து இருக்கிறது. 1999-இல் அத்தனை பயிற்சியும் பெற்ற டாரன் ட்ரோஸ்டோவ், டபிள்யூடபிள்யூஇ ரிங்கிலேயே ஒரே ஒரு தப்பான விழுதலில் கழுத்து முறிந்து, வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போனார்.

ஒரு மாதமாகியும் கழுத்து சரியாகவில்லை என்கிறீர்கள். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கடலூர் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் மரத்துப்போவது, விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் நாள் கடத்தாமல் ஜிப்மருக்கு அழைத்துப் போங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டான், அக்காவிடம் சொல்வான். முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஜிம்மும் வேண்டாம்.

ஜிம் என்றதும் இன்னொன்று. உடம்பு சீக்கிரம் ஏற ஊசியோ மாத்திரையோ யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று தனியாக விசாரியுங்கள். எடி குரேரோ என்ற ரெஸ்லர் 38 வயதில் இதயம் நின்று இறந்த பிறகுதான், 2006-இல் டபிள்யூடபிள்யூஇ மருந்துச் சோதனையைக் கொண்டுவந்தது. ஸ்டீராய்டு ஏற்றிய உடம்போடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உயரம் போதாது என்ற கவலையும் வேண்டாம். நம் நாட்டு ரெஸ்லர் கிரேட் காளியின் ஏழடி, பிட்யூட்டரி சுரப்பிக் கட்டியால் வந்தது. 2012-இல் அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆசைப்பட வேண்டிய உயரமே இல்லை அது. ரே மிஸ்டீரியோ ஐந்தடி ஆறு அங்குலம்தான், உலக சாம்பியனாக இருந்தவர்.

உடம்பும் விழுதலும் பழகிவிட்டாலும் பேச்சு வராமல் இந்தத் தொழிலில் மேலே போக முடியாது. மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடத்தில் கூட்டத்தை ஆத்திரப்பட வைக்கவும் அழ வைக்கவும் தெரிய வேண்டும். இது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் கூத்து பார்த்திருப்பீர்கள். துரியோதனன் தோற்பான் என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை, இருந்தும் விடியும்வரை யாரும் எழுந்து போவதில்லை. அடவும் குரலும் சேர்ந்து அந்தக் கூட்டத்தைப் பிடித்து வைக்கிறதே, ரெஸ்லரின் வேலையில் சரிபாதி அதுதான். தம்பியைக் கல்லூரி நாடகத்திலோ கூத்து வாத்தியாரிடமோ சேர்த்துவிட்டால் அது வீண் போகாது. ஆங்கிலமும் இந்தியும் தடங்கலில்லாமல் பேசக் கற்றுக்கொள்ளட்டும்.

சம்பாத்தியம் பற்றி. அமெரிக்காவில் சின்ன நிறுவனங்களில் தொடங்குகிறவருக்கு ஒரு இரவுக்கு 25, 50 டாலர் கிடைத்தால் பெரிது, அதில் பெட்ரோலும் அவரே போட வேண்டும். டபிள்யூடபிள்யூஇ-க்குள் போனவர்கள்கூட நிரந்தர ஊழியர்கள் இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். வேண்டாம் என்று நிறுவனம் முடிவு செய்தால் மேல்மட்ட ரெஸ்லருக்கே 90 நாள் சம்பளத்தோடு கதை முடிந்தது. 2020 ஏப்ரலில் ஒரே நாளில் பலரை அப்படி வெளியே அனுப்பினார்கள். டிகிரியும் விளையாட்டுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டு வருடம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் அப்போது பள்ளியைப் பற்றிப் பேசலாம். காளி 2015-இல் ஜலந்தரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இருக்கிறது, கவிதா தேவி அங்கே பழகியவர்தான். அங்கே ஆனாலும் வேறெங்கே ஆனாலும் முதலில் நீங்களோ மாமாவோ கூடப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். புதுப் பையன்களுக்கு எத்தனை நாள் விழக் கற்றுத்தருகிறார்கள், அடிபட்டால் யார் பார்க்கிறார்கள், மருத்துவச் செலவு யாருடையது என்று கேளுங்கள். கட்டணத்தை மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லுங்கள். மொத்தமாக வேண்டும் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். டூரிஸ்ட் விசாவில் அமெரிக்கா போய் ஆடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். அது சட்ட விரோதம். பிடிபட்டால் பிறகு விசாவே கிடைக்காமல் போகலாம்.

கடைசியாக, புதுச்சேரியில் இருப்பதால் கேட்கிறேன்: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா? அது தம்பிக்கும் வரக்கூடியது என்றால் முதலில் அந்தக் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். பிரான்சில் இந்த ஆட்டத்துக்கு 'காட்ச்' என்று பெயர், ஆந்த்ரே தி ஜயன்ட் அந்த மண்ணிலிருந்து போனவர்தான். பக்கத்து ஜெர்மனியில் எஸ்ஸன் நகரில் டபிள்யூஎக்ஸ்டபிள்யூ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் அங்கே விசா இல்லாமல் தங்கி, பகலில் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.