தானமா வந்த கிட்னில மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது ஆபரேஷனுக்கு அப்புறம்தான் தெரிஞ்சா, அது டாக்டர் தப்பா?

பெரும்பாலும் இல்லங்க. அண்ணனுக்கு கிட்னி வச்சு மூணு நாள் ஆச்சு, இன்னைக்கு வந்து டோனர் கல்ச்சர்ல (கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) ரெசிஸ்டன்ட் கிருமின்னு சொல்றாங்க, யார் மேல கேஸ் போடலாம்னு கேட்டிருக்கீங்க. அதே மூணாவது நாள்ல அதே கோவத்தோட உக்காந்திருந்தவ நான், அதான் எழுதறேன். நான் டாக்டர் இல்ல, எந்த ஆஸ்பத்திரியும் எனக்கு காசு குடுக்கல, கமெண்ட்ல வந்து ஆரம்பிச்சுடாதீங்க.

என் வீட்டுக்காரருக்கு நாலு வருஷம் டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு தடவை, பெரம்பூர்லேந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறி. உறுப்பு தானத்துக்கான தமிழ்நாடு அரசு அமைப்பு டிரான்ஸ்டானோட லிஸ்ட்ல பேர் இருந்துது. ஒரு நாள் ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு போன், "நீங்க பேக்கப்தாம்மா, இருந்தாலும் ஒண்ணும் சாப்பிடாம கூட்டிட்டு வந்துருங்க"ன்னு. முதல் ஆளுக்கு கிராஸ்மேட்ச் ஒத்துவரல, எங்களுக்கு வந்துது. தானம் குடுத்தது யாருன்னு சொல்லமாட்டாங்க, பைக் ஆக்சிடென்ட், சின்ன வயசுன்னு மட்டும் காதுல விழுந்துது.

யூரின் பேக் ரொம்பறதைப் பாத்து நான் அழுதேன். சிஸ்டர் சார்ட்ல எழுத எழுத நானும் பால் கணக்கு நோட்டுல மில்லி மில்லியா எழுதி வச்சேன். கிட்னி வேலை செய்ய செய்ய ரத்தத்துல குறையற கழிவு, க்ரியாட்டினின், 7.1, 4.4, 2.6ன்னு இறங்கிட்டே வந்துது. மூணாவது நாள் சாயந்திரம் நெஃப்ராலஜி டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார், ரவுண்ட்ஸ்ல நின்னுட்டே பேசிட்டுப் போற மனுஷன் அவர், அப்பவே எனக்கு வயித்த கலக்கிடுச்சு. டோனர் பிளட் கல்ச்சர்ல க்ளெப்சியெல்லாங்கற பாக்டீரியாவாம், மெரோபெனம்ங்கற பெரிய ஆன்டிபயாட்டிக்குக்கே கேக்காதாம், கிட்னிய வச்சு எடுத்துட்டு வந்த திரவத்துலயும் அதே கிருமிதானாம்.

"முன்னாடியே பாக்கமாட்டீங்களா சார்"னு வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்திட்டேன். அவர் சொன்னாரு, பாக்கறதுக்கு எடுத்ததாலதாம்மா இப்ப தெரியுது, கல்ச்சர் தோசை மாவு மாதிரி, அது பொங்கற நேரத்துலதான் பொங்கும். பாட்டில்ல கிருமி வளரவே ஒரு நாள், அது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரிய இன்னும் ஒண்ணு ரெண்டு நாள். மூளைச்சாவுன்னு ஆறு மணி நேர இடைவெளில ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி உறுதி பண்ண அப்புறம் அந்த உடம்ப ரொம்ப நேரம் தாங்கிப் பிடிக்க முடியாது, பிபி விழுந்துட்டே இருக்கும். எடுத்த இதயம் வெளில நாலு மணி நேரம், கிட்னி ஒரு நாள் ஒண்ணரை நாள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தா எல்லாத்தையும் மண்ணுல போட வேண்டியதுதான்.

இன்னொண்ணு, அந்தக் கிருமி அந்தப் பையனோட வியாதி இல்லைங்க. ஐசியூல வென்டிலேட்டர், டியூப், கேத்தீட்டர்னு அத்தனை நாள் கிடந்தா ஒட்டிக்கற கிருமி. இந்த மாதிரி மருந்தை முறிக்கற என்டிஎம் ஜீன் சென்னைல இருக்குன்னு 2010லயே லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, அந்தக் கட்டுரைய எழுதினவங்கள்ல முதல் பேரா இருந்தவரே மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆளு. சில ஆன்டிபயாட்டிக்க டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2014லேந்து ஷெட்யூல் ஹெச்1 சட்டம் வேற இருக்கு, எங்க தெரு மெடிக்கல்ல இன்னும் இருமலுக்கு ஆன்டிபயாட்டிக்க ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுக்கறான். அதை விட்டுட்டு செத்துப்போன புள்ளைய "அழுக்கு கிட்னி குடுத்தான்"னு சொன்னா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

அப்படிச் சொன்னது வேற யாரும் இல்ல, என் நாத்தனார். அவங்க கிட்னியே மேட்ச் ஆச்சு, அவங்க வீட்ல வேண்டாம்னுட்டாங்க, அதுல தப்பு சொல்லல, அவங்கவங்க பயம் அவங்கவங்களுக்கு. ஆனா பொண்ணோட வளைகாப்புக்கு "அண்ணனுக்கு இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்"னு எங்களை மட்டும் கூப்பிடாம விட்டுட்டு, சீர் தட்டுக்கு மட்டும் வாட்ஸாப்ல லிஸ்ட் அனுப்பினாங்க பாருங்க. சரி அது வேற கதை.

என் வீட்டுக்காரருக்கு முதல்ல கோலிஸ்டின் போட்டாங்க, அது கிட்னியையே அடிக்கற மருந்து, இறங்கிட்டு வந்த க்ரியாட்டினின் திரும்ப 3 தொட்டுச்சு. அப்புறம் செஃப்டாசிடிம் அவிபாக்டம், கூடவே அஸ்ட்ரியோனாம். ரெண்டையும் சேத்துப் போட்டாதான் இந்த ஜீனுக்கு வேலை செய்யும்னாங்க. என் வளையல் ரெண்டும் அடகுக் கடைக்குப் போனது அந்த வாரம்தான். இந்தப் பக்கம் எதிர்ப்பு சக்திய அடக்கற மாத்திரை மைக்கோஃபெனலேட்டைக் குறைச்சாங்க, உடம்பு எதிர்ப்பு கொஞ்சம் எழுந்துக்கட்டும்னு, ரொம்ப எழுந்தா கிட்னியையே தள்ளிடும், கத்தி மேல நடக்கற கதை. ரத்தக்குழாயைத் தச்ச இடத்துல கிருமி உக்காந்தா குழாயே வெடிச்சுடலாம்னு அடிக்கடி டாப்ளர் ஸ்கேன் வேற.

எனக்கும் கோவம் இருக்கு, இல்லைங்கல. ராத்திரி மூணு மணிக்கு கையெழுத்து வாங்கின அத்தனை பக்கத்துல இதுவும் இருந்திருக்கும், வாயால ஒரு வரி சொல்லியிருக்கலாம். கல்ச்சர் பாசிட்டிவ்னு கிடைச்ச தகவலை ஆஸ்பத்திரி அமுக்கி வச்சிருந்தா அது நிச்சயமா தப்பு, அப்ப கேஸ் போடுங்க. ஆனா உங்களுக்கு ரிப்போர்ட் வந்த அன்னைக்கே சொல்லியிருக்காங்களே.

இப்ப என் வீட்டுக்காரருக்கு கிட்னி வச்சு ரெண்டு வருஷம் ஆகுது, க்ரியாட்டினின் 1.5. நாளைக்கு ரவுண்ட்ஸ்ல மூணு விஷயம் கேளுங்க: டோனருக்கு ரத்தத்துல வந்துச்சா, சளில மட்டுமா, யூரின்லயா. அண்ணனோட ரத்தத்துலயும், ஆபரேஷன் பண்ண இடத்துல நீர் வடிய வச்ச ட்ரெயின் குழாய்லயும் எடுத்த கல்ச்சர் என்ன ஆச்சு. ஐடி டாக்டர், அதாவது தொற்று நோய் டாக்டர், வந்து பாத்தாரா. லாயர் நம்பர் எங்கயும் போயிடாது, மொதல்ல இதைக் கேளுங்க.