‘ஹவுண்ட் டாக்’ அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் சொந்தப் பாட்டா? கவர் பாடல் என்றால் என்ன?

ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்த பாட்டை இன்னொருவர் தன் பாணியில் மறுபடி பதிவு செய்தால் அது கவர் பாடல்.

‘ஹவுண்ட் டாக்’ (வேட்டைநாய்) பாட்டை எழுதியவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற 19 வயது இளைஞர்கள். 1952இல் அதை முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பின ப்ளூஸ் பாடகி. உட்கார்ந்து சாப்பிடும் காதலனை ஒரு பெண் வீட்டைவிட்டு விரட்டுகிற பாட்டு அது. அடுத்த ஆண்டு வெளியாகி, கறுப்பின இசையான ரிதம் அண்ட் ப்ளூஸின் வெற்றிப் பாடல் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் ஃப்ரெடி பெல் என்பவரின் இசைக்குழு வரிகளை மாற்றி, முயல் பிடிக்கத் தெரியாத நாயைப் பற்றிய வேடிக்கைப் பாட்டாக்கியது. லாஸ் வேகாஸில் அதைக் கேட்ட எல்விஸ் 1956இல் பாடினார், உலகமே ஆடியது. ஆனால் தார்ன்டனின் உறுமலுக்கு ஈடில்லை என்பேன்.

சரி, ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் இப்படிப் பதிவு செய்ய எப்படி முடிகிறது? அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளியானால், உரிய கட்டணம் கட்டிவிட்டு யாரும் அதை மறுபதிவு செய்யலாம். பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், முதலில் பாடியவருக்கு அல்ல. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர். அதை அழகாக்கிய பழைய வாடகைதாரருக்குப் புதியவர் தரும் வாடகையில் பங்கு கிடையாதே! தனக்குக் கிடைத்தது 500 டாலர்தான் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார்.

எல்விஸ் இந்தப் பாட்டைத் திருடினார் என்பார்கள். அவர் பாடியது ஃப்ரெடி பெல்லின் வடிவத்தை. சட்டப்படி எழுதியவர்களுக்கு உரிமைத்தொகையும் போனது.